விசைப்பலகை சேர்ப்பவர் எதைச் சேர்க்கிறார்?



நாணயம் சேர்ப்பவரை ஆய்வாளர் என்கிறோம். அஞ்சல்தலை சேர்ப்பவருக்கு ஆண்டுக்கொரு கண்காட்சியாவது நடக்கிறது. பழைய கணினி விசைப்பலகைகளைத் தேடிச் சேர்ப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டாரின் முணுமுணுப்புதான். பழுப்பேறிய தடித்த பிளாஸ்டிக், இன்றைய கணினி எதிலும் நேரே செருக முடியாத வயர், தட்டினால் அடுத்த அறைவரை கேட்கும் சத்தம். இதில் போற்றி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்த உரை. கணினியின் வரலாற்றில் மனிதக் கையின் தடயம் மிகத் தெளிவாகப் பதிந்திருக்கும் இடம் விசைப்பலகை. அந்தத் தடயத்தைப் படத்தில் பார்த்து முழுதும் அறிய முடியாது. விரல் வைத்து அழுத்தித்தான் அறிய வேண்டும். ஆகவே, இயங்கும் நிலையில் காக்கப்படும் ஒரு தனியார் தொகுப்பை வரலாற்றாசிரியர்கள் சான்றாக ஏற்க வேண்டும் என்பது என் வாதம். ‘இயங்கும் நிலையில்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தே சொல்கிறேன். அது இல்லாத தொகுப்புக்காகப் பேச நான் வரவில்லை.

முதல் சான்று மென்பொருளிலிருந்து. யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ‘வி.ஐ.’ என்ற உரைத்தொகுப்பியைத் தெரியும். அதில் இடம், கீழ், மேல், வலம் என்று நகர எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளைத் தட்ட வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது விளங்காத பிடிவாதமாகத் தோன்றும். பில் ஜாய் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1976 வாக்கில் அதை எழுதியபோது அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏ.டி.எம்-3ஏ என்ற முனையம். அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. இந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த அம்புகள் அங்கே வந்ததற்கும் காரணம் உண்டு. ஆஸ்கி குறிமுறையில் கண்ட்ரோலும் எச்சும் சேர்ந்தால் ஓரெழுத்துப் பின்னே போகும். கண்ட்ரோலும் ஜேயும் சேர்ந்தால் ஒரு வரி கீழே இறங்கும். அதே முனையத்தில் ‘ஹோம்’ என்ற சொல், அலைக்கோட்டுக் குறி இருந்த விசையின் மேல் எழுதப்பட்டிருந்தது. இன்று யூனிக்ஸில் ஒருவரின் சொந்தக் கோப்புறைக்கு அலைக்கோடே அடையாளம். எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இருந்தது. வி.ஐ. ஏன் நிமிடத்துக்குப் பலமுறை எஸ்கேப்பைக் கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. முனையம் குப்பைக்குப் போய்விட்டது. அதன் விசை அமைப்பு மட்டும் இன்றைக்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது தனியொரு விந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. 1978இல் வந்த வேர்ட்ஸ்டார் தொகுப்பியில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஈ, எஸ், டி, எக்ஸ் விசைகளைத் தட்டினால் சுட்டி நான்கு திசைகளிலும் நகரும். இன்றைய பலகையில் கண்ட்ரோல் இடப்பக்கக் கீழ்மூலையில் கிடப்பதால் அதைச் செய்து பார்த்தால் கை முறுக்கிக்கொள்ளும். அக்காலப் பலகைகள் பலவற்றில் கண்ட்ரோல் ஏ எழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1981இல் ஐ.பி.எம். பி.சி.யுடன் வந்த 83 விசைப் பலகையிலும் அப்படித்தான்; அங்கே கையை வைத்தால் வேர்ட்ஸ்டார் ஒரே நொடியில் புரிந்துவிடும். அந்தப் பலகையில் செயல் விசைகள் பத்தும் இடப்பக்கம் இரண்டு நிரலாக நின்றன. 1980களின் நடுவில் ஐ.பி.எம். கொண்டுவந்த 101 விசைப் பலகை கண்ட்ரோலின் இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்தது, செயல் விசைகளைப் பன்னிரண்டாக்கி மேல் வரிசைக்கு அனுப்பியது. இன்று நாம் தட்டுவது ஏறத்தாழ அந்தப் பலகையைத்தான். மாறியது பலகை, பழைய கட்டளைகளோ விரல்களில் ஊறிப்போனவர்களிடம் அப்படியே நின்றன. ஈமாக்ஸ் தொகுப்பியின் கையேடு இன்றும் ‘மெட்டா’ என்ற விசையைப் பற்றிப் பேசுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் கல்ப் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கேடட்’ போன்ற பலகைகளில் அந்த விசை உண்மையாகவே இருந்தது. இன்று கடையில் வாங்கும் சாதாரணப் பலகைகளில் அந்தப் பெயரில் விசை இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். இவையெல்லாம் விசைகளின் இடம் பற்றிய செய்திகள்தாமே, ஒரு நல்ல புகைப்படம் போதாதா? இடத்துக்குப் போதும். ஆனால் விசைப்பலகையின் செய்தியில் பாதிதான் இடம், மறுபாதி அழுத்தம். ஐ.பி.எம்.மின் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் 1970களில் காப்புரிமை பெற்ற ‘வளைந்து மடியும் சுருள்வில்’ அமைப்பை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தும்போது சுருள்வில் சுருங்கிக்கொண்டே வரும். விரலுக்கு எதிர்ப்பும் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் அது தாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து கூட்டின் சுவரில் மோதும். அந்த மோதலே நாம் கேட்கும் ‘கிளிக்’. அதே கணத்தில் அடியில் உள்ள சிறு தகடு சாய்ந்து எழுத்தைப் பதிவு செய்யும். விரல் உணர்வதும், காது கேட்பதும், மின்சுற்று அறிவதும் ஒரே நிகழ்ச்சி. செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்சிலும் கிளிக் உண்டு. அங்கே அதை எழுப்புவது விசைத் தண்டின் மேல் தளர்வாக இருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் உறை. ஓசைக்கென்றே சேர்த்த உறுப்பு அது. ஓசை எழும் புள்ளியும் விசை விடுபடும் புள்ளியும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வரி தட்டினால் இந்த வேறுபாடு எவருக்கும் பிடிபடும். புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிச் சதுர மூடிகள்தாம். அழுத்தத்தை அளந்து வரைபடமாக்கலாமே என்பார்கள். ஆக்கலாம், ஆக்கவும் வேண்டும். ஆனால் அளப்பதற்கும் கெடாத ஒரு சுவிட்ச் கையில் இருந்தாக வேண்டும் அல்லவா?

அழுத்தம் ஏன் வரலாற்றுச் செய்தி ஆகிறது? பொறியாளர்கள் அதை வெற்றிடத்தில் தீர்மானிக்கவில்லை என்பதால்தான். 1961இல் ஐ.பி.எம். செலக்ட்ரிக் மின் தட்டச்சுப்பொறி வந்தது. அதில் பழகிய விரல்கள் அலுவலகம் அலுவலகமாக நிறைந்திருந்தன. 1970களில் அவர்கள் முன் கணினி முனையத்தை வைத்தபோது, அடித்தது பதிந்ததா என்ற ஐயம் எழும். தாளில் எழுத்து விழும் சத்தம் இல்லை, எழுத்துப் பந்து நகரும் அதிர்வு இல்லை. ஐ.பி.எம்.மின் 3278 போன்ற முனையங்களின் பலகைகளைத் திறந்து பார்ப்பவர்கள் உள்ளே ஒரு சோலினாய்டை (மின்காந்தத்தால் இயங்கும் தண்டு) காணலாம். ஒவ்வொரு முறை விசை பதியும்போதும் அது பெட்டியின்மேல் ‘டொக்’ என்று அடிக்கும். எழுத்தைப் பதிய அதனால் ஒரு பயனும் இல்லை. தட்டச்சரின் காதுக்காக மட்டுமே மின்சாரம் செலவழித்துச் செய்த ஏற்பாடு அது. ஒரு நிறுவனம் தன் பொறியைக் கையாளப்போகும் ஊழியரின் பழக்கத்துக்கு எவ்வளவு பணிந்தது என்பதற்கு அந்தச் சோலினாய்டு சாட்சி. பின்னால் வந்தவை பணியவில்லை. 1990களில் விலைப்போட்டி முற்றியபோது ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் வைக்கும் வழக்கம் சாதாரணப் பலகைகளிலிருந்து மறைந்தது. ஒரே ரப்பர் விரிப்பில் வரிசையாகக் குமிழ்களை வார்த்து, அடியில் மெம்பிரேன் தாள் போட்டால் வேலை முடிந்தது. தட்டச்சு ஒரு தனித் தொழிலாக இருந்த காலம் போய், எல்லாரும் தாமே தட்டிக்கொள்ளும் காலம் வந்த அதே ஆண்டுகள் அவை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொழிலாளர் நலன் பற்றிய ஒரு விதியும் இந்தப் பொருள்களில் பதிந்திருக்கிறது. 1970களின் முனையப் பலகைகள் உயரமானவை. மணிக்கட்டைத் தூக்கித்தான் தட்ட வேண்டும். மேற்கு ஜெர்மனியின் டி.ஐ.என். தரநிலை, விரல்கள் தங்கும் நடு வரிசை மேசையிலிருந்து 30 மில்லிமீட்டருக்கு மேல் எழக்கூடாது என்று வரையறுத்தது. 1980களில் உலகம் முழுவதும் பலகைகள் தாழ்ந்தன. ஜெர்மனியில் செர்ரியின் எம்.எக்ஸ். சுவிட்ச் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது. அந்தத் தரநிலைக்கு முன்பும் பின்பும் வந்த இரு பலகைகளை அருகருகே வைத்தால், தரநிலை ஆவணத்தின் ஒரு வரி பிளாஸ்டிக்கில் என்ன செய்தது என்பது கண்ணுக்குத் தெரியும். தட்டினால் மணிக்கட்டுக்கும் தெரியும்.

இப்போது சேகரிப்பாளர்களோடும் சற்று வாதாட வேண்டியிருக்கிறது. விசைக்கொரு சுவிட்ச் உள்ள பலகைக்குரிய ‘மெக்கானிக்கல்’ என்ற பெயரை ஒரு சாதிச் சான்றிதழ் போல வைத்துக்கொண்டு, ரப்பர் குமிழ்ப் பலகைகளை வாசலிலேயே நிறுத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. எல்லாரும் கொண்டாடும் ஐ.பி.எம். மாடல் எம் பலகையைத் திறந்தால் சுருள்வில்களின் கீழே இருப்பது மெம்பிரேன் தாள். ஜப்பானில் பேராசிரியர் எய்இச்சி வாடாவின் கருத்தில் உருவாகி, பி.எஃப்.யூ. நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ஹேப்பி ஹேக்கிங்’ பலகையின் உயர்விலை வகையில், டோப்ரே சுவிட்சுக்குள் இருப்பது ரப்பர் குமிழ்தான். பதிவு நடப்பது மின்தேக்குத்திறன் மாற்றத்தால். ஆகத் தூய மெக்கானிக்கல் என்ற கோட்டை அவர்களுடைய மிக உயர்ந்த பொருள்களே அழித்துவிடுகின்றன. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. மலிவான ரப்பர் பலகை ஒன்றுகூட இல்லாத தொகுப்பு வரலாற்றைத் திரித்துச் சொல்கிறது. 1983இன் இறுதியில் ஐ.பி.எம். அறிவித்த பி.சி. ஜூனியருக்குச் சூயிங்கம் துண்டுகள் போன்ற சின்ன விசைகள் கொண்ட பலகை வந்தது. வாங்கியவர்கள் அதை வெறுத்தார்கள். மறு ஆண்டே நிறுவனம் வேறு பலகையை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. தோற்ற பலகையும் பக்கத்தில் இருந்தால்தானே வென்ற பலகை எதை வென்றது என்று சொல்ல முடியும்?

அடுத்த மறுப்பு இன்னும் கடுமையானது. இது வெறும் நுகர்வு வெறி. மாதம் ஒரு நிறத்தில் மூடி வாங்கி அடுக்குவதற்கு வரலாறு என்ற பட்டுத்துணியைப் போர்த்துகிறீர்கள் என்பார்கள். பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். செர்ரி எம்.எக்ஸ். சுவிட்சின் காப்புரிமைக் காலம் முடிந்த பின் கெய்ல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் அதே அடிப்படை வடிவில் எண்ணற்ற வகைகளை வார்த்துத் தள்ளுகின்றன. தண்டின் நிறம் மாறும், சுருள்வில்லின் இழுப்பு ஐந்து கிராம் கூடும் அல்லது குறையும், பெயர் மட்டும் கவிதையாக இருக்கும். அப்படி நூறு வைத்திருப்பவர் ஒரே சொற்றொடரை நூறு கையெழுத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு மாறாக, ஒரு செர்ரி பலகையும், 1987இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் பலகையும் (அதற்குள் இருப்பது ஜப்பானிய ஆல்ப்ஸ் சுவிட்ச்), ஐ.பி.எம்.மின் சுருள்வில் பலகையான ஒரு மாடல் எஃப்பும், ஒரு சாதாரண ரப்பர் பலகையும் வைத்திருப்பவரிடம் நான்கே பொருள்கள். நான்கு வேறுபட்ட பொறியியல் முடிவுகள். எண்ணிக்கையைக் கொண்டு தொகுப்பை மதிப்பிடுவதே பிழை. மெக்கானிக்கல் பலகை வேகத்தைக் கூட்டும், விரல் வலியைத் தீர்க்கும் என்ற விற்பனைப் பேச்சையும் இதோடு தள்ளிவிடலாம். என் வாதத்துக்கு அது தேவையில்லை. பலகை மோசமாக இருந்தாலும் சான்று சான்றுதான்.

அருங்காட்சியகங்கள் இருக்கும்போது தனியார் தொகுப்பு எதற்கு என்றும் கேட்கலாம். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மனியின் பேடர்போர்னில் ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் அருங்காட்சியகம் இருக்கிறது. அவற்றின் பணி பெரிது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பொருளை அழுத்த விடமாட்டார்கள். விடவும் கூடாது, ஒரே பிரதி என்றால். இங்கேதான் தனியாரின் பயன். ஐ.பி.எம். தொழிற்சாலைகள் மாடல் எம்மைப் பெருந்தொகையாகச் செய்தன. 1991இல் அந்தத் தொழில் லெக்ஸ்மார்க்குக்குப் போனது. 1996 முதல் கென்டக்கி மாநிலம் லெக்ஸிங்டனில் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் அதே சுருள்வில் பலகையைச் செய்துவருகிறது. இத்தனை பிரதிகள் உள்ள பொருளைத் திறக்கலாம், பழுது பார்க்கலாம், பள்ளி மாணவரைத் தட்டச் சொல்லலாம். பழைய பலகை அனுப்பும் குறிப்பலைகளை இன்றைய யு.எஸ்.பி.க்கு மொழிபெயர்க்கும் சிறு மின்சுற்றுகளைச் செய்து, அவற்றின் நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்தவர்கள் ஆர்வலர்கள்தாம்.

தனியார் சேகரிப்பில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் என் வாதம் நிற்காது. பலகைக்கு விலை கூடியதால், முழு முனையத்தைப் பிரித்துப் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு திரையையும் பெட்டியையும் எறிந்துவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஆல்ப்ஸ் சுவிட்சுகளுக்காகவோ, சாயம் ஊட்டிய தடித்த பி.பி.டி. பிளாஸ்டிக் மூடிகளுக்காகவோ நல்ல பலகைகளை உடைத்து விற்கிறவர்களும் உண்டு. ஏ.டி.எம்-3ஏ போன்றவற்றில் பலகையும் திரையும் ஒரே கூடு. பிரித்தால் இரண்டும் செத்தன. இதைச் செய்கிறவரைச் சேகரிப்பாளர் என்று அழைக்க எனக்கு மனமில்லை. அவர் உதிரிபாக வியாபாரி.

தொடாமல் பத்திரமாக வைத்தால் போதும் என்பவர்களுக்குப் பொருள்களே பதில் சொல்கின்றன. மாடல் எஃப் பலகைக்குள் இரு தகடுகளுக்கு நடுவே உள்ள நுரைப்பஞ்சு நாளடைவில் பொடியாகிறது. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவின் பலகையில் கீ டிரானிக் நிறுவனத்தின் அமைப்பு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் உலோகத்தாள் ஒட்டிய ஒரு பஞ்சுத் துண்டு. அந்தப் பஞ்சு மக்கினால் விசை செத்தது. அலமாரியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மாடல் எம்மின் தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தறையாணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. அவற்றுக்குப் பதில் சிறு திருகாணிகள் போட்டு மீட்கிறார்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுகிறது. ஆகப் பலகையைக் காப்பதென்றால் ஆண்டுதோறும் திறந்து, அழுத்தி, பழுது நீக்கி, என்ன மாற்றினோம் என்று எழுதி வைப்பதுதான். மாற்றியதை எழுதாமல் விட்டால் நாளைய ஆய்வாளர் நம் திருகாணியை ஐ.பி.எம். போட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். தமிழ் எழுத்திலேயே இதே தடயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையாவின் முயற்சியால் தமிழ்த் தட்டச்சுப்பொறி உருவானது. தாள் ஒரே திசையில் நகரும் பொறி அது. ஆகவே ‘கெ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் கைக்கும் வரிசை. புள்ளி போன்ற குறிகளுக்கு, அடித்தால் வண்டி நகராத விசைகள் வைக்க நேர்ந்தது. கணினி வந்தபோது அந்தப் பழக்கம் பழைய தட்டச்சு விசைமுறையாக அப்படியே உள்ளே நுழைந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினி எழுத்துருவிலும் கொம்பே முதலில். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைமுறை இதைத் திருப்பிப் போட்டது: இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய், ககரத்தை அடித்து எகரத்தை அடித்தால் ‘கெ’. யூனிகோடு சேமிப்பதும் ஒலி வரிசையில்தான். இன்றும் பழைய முறையில் அடிப்பவருக்காக மென்பொருள் பின்னணியில் கொம்பை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. வி.ஐ. தொகுப்பியின் நான்கு அம்புகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்று பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். மற்றொன்றைத் தட்டச்சு நிலையங்களில் தேர்வுக்காகப் பயிற்சி எடுத்தவர்களின் விரல்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன.

நம் பக்கத்துச் சான்று இன்னொன்றும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ பலகை. செர்ரியின் நீலச் சுவிட்சுகள் பொருத்தி, கணினி விளையாட்டு ஆர்வலர்களுக்கென்று இல்லாமல், பில்லிங் மேசைக்கும் அலுவலகத்துக்கும் விற்கப்பட்டது அது. மேலை நாடுகளில் அந்தச் சுவிட்ச் ஆடம்பரமாகப் பேசப்பட்ட ஆண்டுகளில் இங்கே மளிகைக் கடையில் விலைச்சீட்டு அடித்துக்கொண்டிருந்தது. 2010இல் ரூபாய்க் குறியீடு ஏற்கப்பட்ட பின் அந்தக் குறியைப் பொறித்த ‘பாரத்’ என்ற வகையும் வந்தது. மெக்கானிக்கல் பலகையின் வரலாறு எழுதுகிறவர் இந்தப் பில்லிங் மேசையை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தட்டச்சு நிலையம் மூடப்படும்போதும், டி.டி.பி. கடை இடம் மாறும்போதும், பழைய பலகைகள் எடைக்குப் போகும். போகும் முன் ஒன்றையாவது வாங்கி வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள். மாதிரி எண்ணும் தயாரித்த தேதியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மூடிகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் இருந்தால் அழுக்கு என்று உரிக்காதீர்கள். அதில் தட்டியவர் யார், எந்த விசைமுறையில், என்ன வேலைக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பலகையோடு கட்டி வையுங்கள்.